எழுந்து சிரிக்கும் ஷாட்

கேமராவைக் கண்டால் அத்தையின் முகம் செங்கல்லாகிவிடும். வேறெப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. கோபம் கிடையாது, பயம் கிடையாது, வெட்கம்கூடக் கிடையாது. சூளையிலிருந்து எடுத்து அடுக்கிய செங்கல், அவ்வளவுதான்.

மற்ற நேரமெல்லாம் சிரிப்பு. காரிமங்கலத்தில் எங்கள் எதிர்வீடு. சொந்தம் என்று ஒன்றும் இல்லை. என் அம்மாவை அவள் அண்ணி என்று கூப்பிட்டதால் எனக்கு அத்தையாகிவிட்டாள். பால்காரரிடம் சிரிப்பு, குழாயடியில் சிரிப்பு, மாமாவோடு சண்டை போடும்போது நடுவில் சிரிப்பு. மாமா லாரி டிரைவர். வெளியூர் லோடு இறக்கிவிட்டுக் களைத்து வந்து ஏதோ ஒரு கோபத்தில் திட்ட வாயெடுப்பார். "இருங்க இருங்க, மீசையில சோறு ஒட்டிக்கிட்டு இருக்குது, தொடச்சிட்டுத் திட்டுங்க" என்பாள். சொல்லிவிட்டு அவளே சிரிக்க ஆரம்பித்துவிடுவாள். அதற்குமேல் அந்த மனிதர் எதைத் திட்டுவார், பாவம்.

அவர்கள் வீட்டுக் கூடத்தில் கல்யாண போட்டோ மாட்டியிருந்தது. மாமா மாலையும் பல்லுமாக நிற்க, பக்கத்தில் அத்தை செங்கல். வருகிற விருந்தாளிகளிடம் மாமா அதைக் காட்டி, "பாருங்க, என்னமோ நான் கடத்திக்கிட்டு வந்தவன் மாதிரி நிக்கிறா" என்பார். அதைக் கேட்டு முதலில் சிரிப்பவளும் அத்தைதான்.

மாம்பழ சீசனில் பழக்கூழ் எடுக்கிற கம்பெனிக்கு வேலைக்குப் போவாள். ஒரு வருடம் கேட்டில் புது வாட்ச்மேன். அடையாள அட்டையைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், "இது நீ இல்லமா, இந்தக் கார்டு வேற யாருதோ" என்று நிறுத்திவிட்டார். அத்தைக்கு அது போதாதா? வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க அவருக்குச் சந்தேகம் கூடியது. பின்னால் வரிசையில் நின்றவர்கள், "ஏ, மூஞ்சிய உர்ருனு வையி, நேரமாவுது" என்று கத்தினார்கள். யாரோ ஒருத்தி செல்போனை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். அத்தை உடனே செங்கல்லானாள். வாட்ச்மேன் கார்டைத் திருப்பிக் கொடுத்து, "போங்க, போங்க" என்றார். அந்த சீசன் முழுக்க அவருக்கு இது ஒரு விளையாட்டு. ஆளை நன்றாகத் தெரிந்த பிறகும், "அந்த மூஞ்சிய ஒருக்கா காட்டிட்டுப் போங்கக்கா" என்பாராம்.

நான் சினிமா எடுக்க வந்தவள். கல்லூரியில் படிக்கும்போதே ஒரு கேமராவைக் கடன் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்து அந்தச் சிரிப்பைப் பிடிக்கப் பார்த்தேன். கொடியில் காயும் புடவைக்குப் பின்னால் ஒளிந்து எடுத்தேன். ஜன்னல் வழியாக எடுத்தேன். எடுத்ததெல்லாம் செங்கல். எப்படித்தான் தெரியுமோ, லென்ஸ் அவள் பக்கம் திரும்பிய நொடியில் முகம் இறுகிவிடும்.

"எப்படி அத்தை கண்டுபுடிக்கறீங்க?" என்று ஒருநாள் எரிச்சலோடு கேட்டேன்.

"அது பாக்குது பாப்பா. பாத்துக்கிட்டே இருக்குது. ஒரு வார்த்த பேச மாட்டேங்குது. பேசாதவங்க மூஞ்சியப் பாத்து எப்படிச் சிரிக்கிறது, சொல்லு?"

உலகத்தில் ஆயிரம் பேரைச் சிரிக்கவைத்துப் படம் பிடிக்கலாம், எதிர்வீட்டில் இருக்கும் ஒருத்தியை முடியவில்லையே என்று ஆத்திரமாக இருந்தது. எனக்கு ஆத்திரம் சீக்கிரம் வரும். செட்டில் என்னோடு வேலை செய்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அவளிடம் இன்னொரு வழக்கம் உண்டு. கதை சொல்லும்போது சிரிப்பை முதலில் சிரித்துவிடுவாள், கதை அப்புறம். அப்புறம் என்பதும் பேச்சுக்குத்தான், அது வரவே வராது. அவள் பிறந்த ஊர் மாரண்டஹள்ளி. அங்கே ஒரு ஆடு ஓசூர் பஸ்ஸில் ஏறிவிட்ட கதை ஒன்று இருந்தது. "எங்கூர்ல ஒரு ஆடு பாப்பா, சும்மா நின்னுக்கிட்டு இருந்த ஓசூர் பஸ்ஸுல..." என்று தொடங்குவாள். அவ்வளவுதான். கண்ணில் நீர் வந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்துவிடுவாள். கேட்டுக்கொண்டிருக்கும் நாங்களும் எதற்கென்றே தெரியாமல் சிரித்துக் கிடப்போம். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்: "அட கெரகமே, மொதல்ல சொல்லித் தொலை, அப்பறம் சிரி." ஒருமுறை கண்டக்டர் வரைக்கும் வந்தது. இன்னொருமுறை, முன்சீட்டில் கல்யாணத்துக்குப் போகிற பட்டுப்புடவைக்கார அம்மா ஒருத்தி இருந்தாள் என்பது வரைக்கும் வந்தது. இத்தனை வருடத்தில் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆடு எங்கே இறங்கியது என்று தெரியாது.

இப்போது என்னை அங்கங்கே கூப்பிட்டுத் திரைக்கதை பற்றிப் பேசச் சொல்கிறார்கள். நானும் போகிறேன். முதலில் ஆளை அறிமுகப்படுத்துங்கள், பிறகு சிக்கலைக் கொண்டு வாருங்கள், பார்க்கிறவனைக் காக்க வையுங்கள், சிரிப்பைக் கடைசிவரை கையில் வைத்திருங்கள் என்றெல்லாம் சொல்கிறேன். பிள்ளைகள் பயபக்தியோடு எழுதிக்கொள்கிறார்கள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளுக்குள் அந்த ஆடு கத்தும். முடிவே இல்லாத கதைக்கு வருடக்கணக்காக நாங்கள் சிரித்தோமே, அதற்கு எந்த விதி? எனக்குத் தெரியாது. தெரியாததை மேடையில் சொல்ல முடியாது, அதனால் விட்டுவிடுவேன்.

என் முதல் படத்தின் கதை ஒரு சாவு வீட்டில் நடப்பது. தாய் இறந்துவிட்டிருப்பாள், பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரிலிருந்து வந்து சேருவார்கள், அந்த ஒரு பகல்தான் படம். வெளியே எங்கேயும் போகாமல் எங்கள் தெருவிலேயே எடுத்தேன். அத்தை வீட்டு வாசலில் பந்தல் போட்டோம். தாய்க்கு வசனம் கிடையாது, அசைவு கிடையாது, படுத்திருந்தால் போதும். ஆனால் சென்னையிலிருந்து வர வேண்டிய அந்த அம்மா கடைசி நேரத்தில் வரவில்லை. பிணமாக நடிக்க வீட்டில் விடவில்லையாம். தெருவில் கேட்டுப் பார்த்தேன். மாரடித்து அழ எல்லாரும் தயார். படுக்க ஒருத்தரும் வரவில்லை.

"நான் படுக்கறன் பாப்பா" என்றாள் அத்தை. "உயிரோட இருந்தாத்தான அந்தப் பொட்டியப் பாத்துச் சிரிக்கணும் பேசணும்? செத்தவளுக்கு என்ன கஷ்டம்?"

அம்மா சண்டைக்கு வந்தாள். "உம் படத்துக்கு ஆளு கெடைக்கலன்னு எம் நாத்தனாரக் கொல்றியா?" மாமா அப்போது ஏதோ வடநாட்டு லோடில் இருந்தார். செந்தில், அவர்கள் மகன், ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலையாக இருந்தான். கேட்க ஆளில்லை என்று அத்தையே முடிவு செய்துவிட்டாள். தாடையைச் சுற்றித் துணி கட்டினோம், கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினோம், நெற்றியில் ஒரு ரூபாய்க் காசை ஒட்டினோம், மாலை போட்டோம். பெஞ்சில் நீட்டிப் படுத்தாள்.

க்ளோஸப்பில் அவளைப்போல ஒரு பிணத்தை நான் பார்த்ததில்லை. செங்கல் முகத்துக்கு அன்றைக்குத்தான் ஒரு வேலை கிடைத்தது. உடம்பு முழுக்கத் தெரிகிற வைட் ஷாட்தான் வம்பு. சாக்கடைத் தண்ணீர் தகராறில் அவளோடு பேச்சையே நிறுத்திவிட்ட பக்கத்து வீட்டு ராஜம்மா வந்து தலைமாட்டில் உட்கார்ந்து, "ஒரு சொல்லு கடுஞ்சொல்லு பேசாத தங்கமே" என்று ஒப்பாரி எடுத்ததும் பிணத்தின் வயிறு குலுங்க ஆரம்பித்தது. முகம் அசையவில்லை, மாலை மட்டும் மேலும் கீழும் போனது. "அத்தை!" என்று கத்தினேன். "நான் என்ன பண்றது, அவ சொல்றதக் கேட்டியா?" என்றது பிணம், கட்டிய தாடையோடு.

அப்படியே நாலைந்து தடவை ஆகி, கடைசியில் எல்லாம் கூடி வந்தது. அழுகை, பறை, ஊதுவத்திப் புகை. வயிறும் அடங்கியிருந்தது. அந்த நேரம் பார்த்துச் செந்தில் ஓசூர் பஸ்ஸில் வந்து இறங்கித் தெருவுக்குள் நுழைந்தான்.

அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அவன் வீட்டு வாசலில் பந்தல். பறை. அம்மா பெஞ்சில், நெற்றியில் காசு. பை கையிலிருந்து விழுந்தது. "அம்மா" என்று அவன் போட்ட சத்தத்தில் ராஜம்மா ஒப்பாரியை நிறுத்திவிட்டாள். ஓடிவந்து அத்தையின் காலைப் பிடித்தான். அத்தை படக்கென்று எழுந்து உட்கார்ந்து, "டேய், டேய் சாமி, சினிமாடா! இங்க பாரு, நான் இருக்கறன்" என்று அவன் தலையை மார்போடு அணைத்துக்கொண்டாள். கட்டிய கால்களோடு அவளால் இறங்கவும் முடியவில்லை.

கேமராமேன் கேமராவை நிறுத்தவில்லை. அந்தத் துண்டு என்னிடம் இருக்கிறது. அதைப் படத்தில் வைக்க மாட்டேன் என்றபோது எடிட்டர் என்னோடு சண்டை போட்டார். இன்றைக்கும் பார்க்கிற இடத்தில் திட்டுகிறார். அது என்னுடைய கதை இல்லை, அந்தப் பையனுடையது. வேறு காரணம் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஷாட்டை மறுபடி எடுத்து முடித்தோம். இனி அந்தச் சடங்கு. சினிமாவில் பிணமாக நடித்தவர்கள், ஷாட் முடிந்ததும் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அந்தச் சிரிப்பு படத்தில் வராது. ஆனால் அதை எடுக்காமல் எங்கள் ஆட்கள் பூசணிக்காய் உடைக்க மாட்டார்கள், பேக்கப் சொல்ல மாட்டார்கள். சிரிக்காமல் இறங்கினால் நடித்தது நிஜமாகிவிடும் என்று ஒரு பயம். எனக்கு மூடநம்பிக்கை கிடையாது, பேட்டிகளில் அடித்துச் சொல்வேன். ஆனாலும் அந்த ஷாட்டை எடுக்காமல் ஒருநாளும் விட்டதில்லை.

"அம்மா, கட்ட அவுத்தாச்சு. இப்ப கேமராவப் பாத்து நல்லாச் சிரிங்க" என்றார் கேமராமேன்.

அத்தை கேமராவைப் பார்த்தாள். செங்கல்.

ஜோக் சொன்னார்கள். மேக்கப்காரர் குரங்கு மாதிரி ஆடிக் காட்டினார். ராஜம்மாகூட, "ஏ, சிரிச்சித் தொலையேன், சாக்கடைய வேணா திருப்பி வுட்டுக்கறன்" என்றாள். சுற்றி நின்ற தெருவே சிரித்தது. அத்தை மட்டும் அந்த லென்ஸை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. செந்தில் பெஞ்சின் காலைப் பிடித்தபடி நின்றான். "சிரிம்மா. அதப் பாத்துச் சிரிச்சிட்டு எறங்கும்மா" என்றான். அவன் குரலைக் கேட்டதும் அவ்வளவு நேரம் கேலியாக நின்றவர்கள் எல்லாரும் அடங்கிவிட்டார்கள்.

அத்தை என் பக்கம் திரும்பினாள். "நீ வந்து படு பாப்பா."

"என்னது?"

"படுன்னா படு. நான் பாத்துச் சிரிக்கிறதுக்கு ஆளு வேணாமா?"

படுத்தேன். அவிழ்த்துப் போட்டிருந்த தாடைத் துணியை எடுத்து எனக்குக் கட்டினாள். காசை எடுத்து என் நெற்றியில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, ராஜம்மாவின் அதே ராகத்தில் எடுத்தாளே ஒப்பாரி: "எட்டு மணிக்கு எந்திரிக்காத மவராசி... கொடுத்த காப்பிய ஆறவுட்டுக் குடிக்கிற மவராசி... ஊருல இருக்கறவங்களையெல்லாம் கத்திக் கத்தியே வேல வாங்குன மவராசி..." என் யூனிட் ஆட்கள் ஆமாம் ஆமாம் என்று கோரஸ் போட்டார்கள். அதற்குள் அவளுக்கு வந்துவிட்டது. முதலில் மூச்சு திணறுகிற சத்தம், அப்புறம் ஒரு கேவல், அப்புறம் அந்தச் சிரிப்பு. காசை அழுத்திய கை என் நெற்றியில் குலுங்கியது. நான் கண்ணை மூடியிருந்தேன், தாடை கட்டியிருந்தது. எத்தனை வருடமாகப் பிடிக்கப் பார்த்த சிரிப்பு, அது லென்ஸில் விழுந்த நேரத்தில் நான் பார்க்கவில்லை, கேட்டேன்.

பூசணிக்காய் உடைத்தார்கள். வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது அத்தை என் கையைப் பிடித்தாள். முகத்தில் சிரிப்பில்லை.

"பாப்பா, நீயும் படுத்தியே. நீ சிரிச்சியா?"

"நான் நடிக்கல அத்தை. உங்களுக்காகப் படுத்தன்."

"படுத்தாப் படுத்ததுதான். காசு வச்சேனே, எங் கையாலயே வச்சேனே." கேமரா பெட்டிக்குள் போய்விட்டிருந்தது. அந்த வண்டியை அவள் பார்த்த பார்வை எனக்கு நினைவிருக்கிறது.

அன்றைக்குப் பிடித்தது அவளுக்கு அந்தப் பயம். வாரம் தவறாமல் போன் வரும். சாப்பிட்டாயா என்று ஒரு கேள்வி, அடுத்தது, "சிரிச்சியா பாப்பா?" சிரித்தாச்சு அத்தை என்பேன். "கேமராவுல எடுத்தாங்களா?" எடுத்தாங்க என்பேன். நம்ப மாட்டாள். செந்திலிடம் சொல்லிப் பெரிய போன் வாங்கி, வீடியோ கால் போடக் கற்றுக்கொண்டாள். கேமராவைக் கண்டாலே கல்லாகிறவள் தன் முகத்துக்கு நேராகவே அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். திரையில் பாதி மின்விசிறி, பாதி செங்கல். அந்தச் செங்கல் என்னைப் பார்த்து, "சிரி, பாக்கறன்" என்னும். நான் பல்லைக் காட்டுவேன். "பல்லக் காட்டுனா சிரிப்பா? அட போ பாப்பா" என்று வைத்துவிடுவாள்.

என் இரண்டாவது படம் பாதியில் நின்றது. அத்தைக்குக் காரணம் தெரிந்திருந்தது, நான் சிரிக்காமல் எழுந்ததுதான். அடுத்து, லொகேஷன் பார்க்கப் போய்ப் பாறையில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டேன். அடுத்த பஸ்ஸில் ராகி மாவும் நிலக்கடலையுமாகச் சென்னைக்கு வந்துவிட்டாள். கட்டுப்போட்ட காலைப் பார்த்து, "பாத்தியா?" என்றாள். போனை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். வலியில் எனக்குக் கோபம்தான் வந்தது. "சும்மா இருங்க அத்தை, இப்பச் சிரிக்கிற நேரமா?" என்று கத்தினேன். அவள் போனை இடுப்பில் செருகிக்கொண்டு களி கிண்டப் போய்விட்டாள். நான் நடக்க ஆரம்பிக்கும்வரை என்னோடுதான் இருந்தாள். எத்தனை சிரித்தோம் அந்த நாட்களில்! ஆனால் அவள் போனை எடுத்தால் எனக்கு நின்றுவிடும், எனக்கு வந்தால் அவள் கையில் போன் இருக்காது. அவளுடைய நோய் எனக்கும் ஒட்டிக்கொண்டதோ என்று நினைத்தேன்.

இந்த வருடம் மாசி மாதத்தில் அத்தை போய்விட்டாள். மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. செந்தில் போனில் சொன்னபோது, யாரும் எழுப்பிச் சிரிக்கவைக்கவில்லையா என்றுதான் எனக்குத் தோன்றியது. பைத்தியக்காரத்தனம்தான். தோன்றியது.

மாலை போட ஒரு படம் வேண்டும் என்றான். வீட்டில் இருப்பதெல்லாம் செங்கல். பழைய ஹார்ட் டிஸ்கைத் தேடி அந்த ஷாட்டிலிருந்து ஒரு ஃபிரேமை எடுத்து அனுப்பினேன். கண் மூடி, வாய் முழுக்கத் திறந்து, கழுத்து நரம்பு தெரியச் சிரிக்கிறாள். கீழே படுத்திருந்த என்னை வெட்டியாகிவிட்டது. ஆனால் அவளுடைய வலது கை சட்டத்தின் அடிவிளிம்புக்குக் கீழே இறங்கிப் போகிறது. அது எங்கே போகிறதென்று துக்கத்துக்கு வந்தவர்கள் யாரும் கேட்கவில்லை. அது என் நெற்றியில் இருக்கிறது.

காரியம் முடிந்து, சாப்பாடு முடிந்து, உறவுக்காரர்களைப் பஸ் ஏற்றிவிட மாமா போன பிறகு கூடத்தில் நானும் செந்திலும் இருந்தோம். அவன் போனை எடுத்தான்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. அம்மா சொல்லிக்கிட்டே இருக்கும். எனக்கு எதுனா ஆச்சுன்னா, நீயாவது பாப்பாவச் சிரிக்கவச்சி எடுத்துருடா, நான் காசு வச்சிட்டன்டானு."

போட்டோவுக்குக் கீழே உட்காரவைத்தான். போனை நீட்டினான். அந்தச் சின்னக் கறுப்புக் கண்ணைப் பார்த்தேன். வாழ்நாள் முழுக்க அதன் பின்னால் நின்றவள் நான். சிரிக்கத்தான் பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன். முகம் இறுகிக்கொண்டே போனது. அது பார்த்துக்கொண்டே இருந்தது, ஒரு வார்த்தை பேசவில்லை. "முடியல செந்தில்" என்றேன். "வுட்டுடுப்பா."

அவன் விடவில்லை. போனை இறக்கவும் இல்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அக்கா, எங்க அம்மா ஊர்ல ஒரு ஆடு" என்றான். "சும்மா நின்னுக்கிட்டு இருந்த ஓசூர் பஸ்ஸுல..."

அதற்குமேல் அவனால் முடியவில்லை. அதே மூச்சுத் திணறல், அதே கேவல். அழுகை என்றுதான் முதலில் நினைத்தேன். முழங்கையை வாயில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தான், போன் அவன் கையில் குலுங்கியது. "கண்டக்டரு..." என்றான். "அந்தப் பட்டுப்பொடவ அம்மா..." என்றான். எனக்கு எங்கிருந்து வந்ததென்று தெரியாது. வயிறு வலிக்க, கண்ணில் நீர் கொட்ட, சாவு வீட்டில் வாய்விட்டுச் சிரித்தேன். அடுக்களையிலிருந்து அம்மா ஓடிவந்து பார்த்து, என்ன ஏதென்று கேட்காமல் அவளும் சிரித்துவிட்டு, அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

"டேய், அந்த ஆடு எங்கதான்டா எறங்குச்சு?" என்று கேட்டேன், மூச்சு திரும்பியதும்.

"யாருக்குக்கா தெரியும்? எனக்கும் அவ்வளவுதான் சொல்லியிருக்குது."

போனைத் திருப்பிக் காட்டினான். வாய் முழுக்கத் திறந்து, கண் மூடி, பார்க்கச் சகிக்காத ஒரு முகம். அதற்கு மேலே சுவரில் அவள்.

"வந்துருச்சிக்கா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். "இனி உங்களுக்கு ஒண்ணும் ஆவாது."

நம்பினேன்.